கதவு சும்மாதான் சாத்தியிருக்கு

சாவி கைக்கு வந்த அன்று தையல்காரி முதலில் செய்த காரியம், எல்லா ஜன்னல்களையும் திறந்து திறந்து மூடிப் பார்த்ததுதான். அதுவரை அவளும் புருஷனும் குடியிருந்தது, அவன் மெஷின் ஓட்டும் அச்சகத்தின் பின்புறம், காகிதக் கட்டுகள் அடுக்கி வைக்கும் அறையில். அங்கே ஜன்னல் கிடையாது. மை வாடையில் அவளுக்கு எந்நேரமும் குமட்டும். அது மசக்கையா மையா என்று அவளுக்கே தெரியாது. முதலாளி நல்ல மனுஷன்தான். ஆனாலும், "பிள்ளை பொறக்கறதுக்குள்ள வேற இடம் பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டார். இப்போது எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வளைத்துக் கேட்டார்கள். சொந்தக்காரங்கல்லாம் எங்க இருக்காங்க? வீட்ல என்ன சமைப்பீங்க? முழுப் பேர் என்னப்பா? முழுப் பேரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு மரியாதையான சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் வீடு நேற்றே வேறு யாருக்கோ பேசி முடிந்திருக்கும். அதனால் இந்தத் தடவை அவன் பேரில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னான். அவளும் தன் பேச்சில் பிறந்த வீட்டு வாசனை அடிக்கும் சொற்களைப் பொறுக்கி எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள். பொய் சொன்னார்கள் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். காகிதக் கட்டுக்கு நடுவில் பிள்ளை பெற்றுப் பார்த்தவர்கள் வந்து சொல்லட்டும்.

நான்கு மாடிக் கட்டடம். இவர்களுக்கு இரண்டாம் மாடி. பழைய வீடுதான், குளியலறைச் சுவரில் காரை பெயர்ந்திருந்தது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒரு தடித்த இரும்புக் குழாய் எல்லா வீட்டுக் குளியலறைகள் வழியாகவும் கீழே இறங்கிப் போனது. அதைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை.

அக்கம்பக்கம்தான் அவளைத் திணறடித்துவிட்டது. சாமான் இறக்கும்போதே மூன்று பேர் வந்துவிட்டார்கள். எதிர் வீட்டு டீச்சர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பேச்சிலிருந்து ஓய்வு பெறாதவர். கீழ் வீட்டு மருந்துக்கடைக்காரி, புருஷன் மருந்துக்கடை வைத்திருந்ததால் அந்தப் பேர், வாய்க்குப் பூட்டில்லாத ஜன்மம். அவளுக்கு நாலு வயதில் ஒரு மகள். மூன்றாவதாக, நேர் மேல்மாடியில் இருந்த செக்ரட்டரியம்மா. குடியிருப்போர் சங்கத்துச் செக்ரட்டரியின் மனைவி. அதிகம் பேசமாட்டாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"பாரமெல்லாம் தூக்காதேம்மா, அதான் நாங்க இருக்கோமே" என்றார் டீச்சர்.

யாரோ தன்னை உட்காரச் சொல்லி நாற்காலி போடுவது தையல்காரிக்குப் புதிது. கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் தடவை அது கேட்டது ஒரு மத்தியானம். புருஷன் வேலைக்குப் போயிருந்தான். பள்ளிக்கூடச் சீருடைகளுக்குக் காலர் வைத்துக் கொடுக்கும் வேலையை அவள் வீட்டிலேயே வைத்துச் செய்வாள். நூல் அறுந்தது. மெஷினை நிறுத்திவிட்டு ஊசியில் நூல் கோக்கக் குனிந்தாள். வெயிலில் கட்டடமே கண்ணயர்ந்து கிடந்தது.

டொக்.

குளியலறைப் பக்கமிருந்து வந்தது. குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

டொக்... டொக்.

கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும். இரும்பின் மேல் ஏதோ பாத்திரத்தால் தட்டுவது போல. காற்றுக்கு அவ்வளவு நிதானம் கிடையாது. தட்டுவதும், கை ஓய்ந்து நிறுத்துவதும், பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு தட்டுவதுமாக இருந்தது. எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. தரை மட்டும் நனைந்திருந்தது. காலையில் குளித்த ஈரம் இந்நேரம் காய்ந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிகளில் கை கழுவ வைத்திருப்பார்களே, அந்த மருந்து சோப்பின் வாசனை மெல்லியதாக வந்தது.

மறுநாள் மத்தியானம் மூன்று பெண்களும் பேசிக்கொண்டிருக்க வந்தார்கள். டீ போட்டுக் கொடுத்தாள். குழாய் விஷயத்தைச் செக்ரட்டரியம்மாவிடம் சொல்லிவிடலாம், பிளம்பரை அனுப்புவார்கள் என்று நினைத்து, "அம்மா, இந்தக் குழாய்ல" என்று வாயைத் திறந்தாள்.

மருந்துக்கடைக்காரி அதைக் காதில் வாங்காமல் நடுவில் புகுந்தாள். "ஏங்க்கா, இந்த வீட்டுக் கதை தெரியுமா உங்களுக்கு? யாரும் சொல்லலயா?"

"ஏய், மாசமா இருக்கற பொண்ணுகிட்ட..." என்றார் டீச்சர். ஆனால் தடுக்கவில்லை.

"இவங்க பயப்பட வேண்டியதில்ல டீச்சர், நம்மாளுங்கதானே! இங்க முன்னாடி ஒரு நர்ஸ் இருந்தாங்க. தனி ஆளு. பில்டிங்ல எல்லாருக்கும் ஊசி போடுவாங்க, பிரஷர் பாப்பாங்க. இந்த டீச்சரோட அம்மாவக் கடைசி வரைக்கும் அவங்கதான் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் ஒரு நாள் அவங்க அண்ணன் வந்தாரு. அவரு பேச்சையும் பேரையும் கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது, அவங்க... அவங்க ஆளுங்கன்னு."

அந்த 'அவங்க' என்ற சொல்லை மருந்துக்கடைக்காரி சொன்ன விதத்தைக் கேட்டு, தையல்காரி முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். அவளும் புருஷனும் அந்த ஆட்கள்தான்.

"நாங்க யாரும் சண்டை போடல" என்றார் டீச்சர். "பேசறத நிறுத்திக்கிட்டோம், அவ்வளவுதான்."

"ஆமா, யாரும் போறதில்ல வர்றதில்ல. ஒரு நாள் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சுடுச்சு. குவளையால குழாயைத் தட்டிக்கிட்டே இருந்திருக்காங்க பாவம். யாருக்கும் தெரியாம போச்சு, அங்கயே உயிர் போயிடுச்சு. இப்பவும் அந்தத் தட்டற சத்தம் வருமாம்க்கா! எங்களுக்கெல்லாம் கேக்காது. அவங்க ஆளுங்களுக்கு மட்டும்தான் கேக்குமாம். இதுக்கு முன்னாடி ரெண்டு குடும்பம் வந்தாங்க. சத்தம் கேக்குதுன்னு அலறினாங்க. விசாரிச்சுப் பாத்தா, ரெண்டும் அவங்க ஆளுங்க! பேரை மாத்திச் சொல்லி வந்திருக்காங்க. அன்னிக்கே காலி பண்ண வெச்சுட்டோம்." அவள் டீயை உறிஞ்சிவிட்டுச் சிரித்தாள். "நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே, குழாய்ல?"

தையல்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். நிஜமாகவே கடித்துவிட்டாள், வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

"தண்ணி... தண்ணி நல்லா வருதுன்னு சொல்ல வந்தேன்."

டொக்.

அவள் அசையவில்லை. கையிலிருந்த டம்ளரை மட்டும் பார்த்தாள். செக்ரட்டரியம்மா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்... டொக்.

"சர்க்கரை போதுமா டீச்சர்?" என்று கேட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

அன்று ராத்திரி புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்தினான். பிறகு, "வேற வீடு தேடலாமா?" என்றான். எங்கே தேடுவது என்று இருவருக்குமே தெரியாது. அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு, "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடறேன்" என்றாள். "பிள்ளை பொறக்கற வரைக்குமாவது."

இருந்தாள். மத்தியானம் ஆனால் மெஷினை உருட்ட ஆரம்பித்துவிடுவாள். மிதிக்கட்டையின் கடகடப்பில் சத்தம் அமுங்கிவிடும். தைக்க ஒன்றுமில்லாத நாளில் வெறும் துணியைப் போட்டு ஓட்டுவாள். ஆனால் அந்தப் பெண்கள் வந்துவிட்டால் மெஷின் ஓட்ட முடியாது. அவர்களும் சரியாக அந்த நேரத்துக்குத்தான் வந்தார்கள். அன்பாகத்தான் வந்தார்கள். வாயால் கதை பேசுவார்கள், கண்ணெல்லாம் இவள் முகத்தில் இருக்கும்.

கொஞ்ச நாளில் தட்டலோடு குரலும் வந்தது. குழாய்க்குள்ளிருந்து, தொண்டை வறண்ட குரல்.

"அக்கா..."

ஒரு தட்டல்.

"அக்கா... கதவு சும்மாதான் சாத்தியிருக்கு."

தாழ் போடவில்லை என்கிறாள். தள்ளினால் திறந்துகொள்ளும் என்கிறாள். யார் வேண்டுமானாலும் வந்திருக்கலாம். அதைக் கேட்டபோது தையல்காரிக்குப் பயத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. எதிரில் டீச்சர் உட்கார்ந்து முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததால் அழவும் வழியில்லை. "வெந்நீர் ஒத்தடம் குடுத்துப் பாருங்க டீச்சர்" என்றாள்.

ஒன்பதாம் மாதம் பிறந்த வாரத்தில் ஒரு நாள் பேச்சு வயிற்றின் பக்கம் வந்தது. "வயிறு இறங்கின மாதிரி இருக்கே" என்றார் டீச்சர். "நீதான் பாத்துச் சொல்லேன், உனக்குத்தான் கைராசி" என்று செக்ரட்டரியம்மாவைத் தூண்டினார்.

செக்ரட்டரியம்மா எழுந்து வந்து தையல்காரியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கை சில்லென்றிருந்தது.

டொக்.

உள்ளே பிள்ளை உதைத்தது.

டொக்.

மறுபடி உதைத்தது.

தற்செயல் என்று தையல்காரி தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். குழாய் சற்று ஓய்ந்தது. வயிறும் ஓய்ந்தது. பிறகு டொக், டொக் என்று இரண்டு. உள்ளேயும் இரண்டு.

பிறக்காத பிள்ளைக்கும் கேட்கிறது.

அவள் மெல்லக் கண்களைத் தாழ்த்திச் செக்ரட்டரியம்மாவைப் பார்த்தாள். சத்தம் கேட்காதவளுக்கு அது வெறும் உதை. பிள்ளை உதைத்தால் பெண்கள் சிரிப்பார்கள். செக்ரட்டரியம்மா சிரிக்கவில்லை. அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அடுத்த தட்டல் விழுந்த கணமே, உதை வருவதற்கு முன்பே, அவள் விரல்கள் விறைத்தன.

அப்போதுதான் தையல்காரிக்கு உறைத்தது. இத்தனை நாளும் சத்தம் வந்த நொடியில் இவள் முகத்தைத் தேடி வந்த கண்கள் அவளுடையவை. கேட்காதவளுக்கு எப்போது பார்க்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

"அக்கா..." என்றது குழாய்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி வாயைத் திறந்தால் இரண்டு பேருக்கும் வீடு இல்லை.

"என்ன, எப்படி இருக்கு?" என்றார் டீச்சர்.

செக்ரட்டரியம்மா கையை எடுத்தாள். எழுந்திருக்க அவளுக்கு நாற்காலியின் பிடி தேவைப்பட்டது. "நல்லா இருக்கு" என்றாள். "நம்ம பொண்ணுதான். இனிமே இவளைப் போட்டுப் பாத்துக்கிட்டே இருக்க வேண்டாம்."

அன்றிலிருந்து தையல்காரியை எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரி மகளுடைய பழைய தொட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சர் தினம் ஒரு பாத்திரத்தில் எதையாவது மூடி எடுத்துக்கொண்டு வந்தார். பக்கத்து அறையில் ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டே இருக்க, இங்கே உட்கார்ந்து ருசி பார்க்கிறோமே என்று தையல்காரிக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சாப்பிட்டாள்.

ஒரு நாள் படிக்கட்டில் செக்ரட்டரியம்மா எதிரில் வந்தாள். கடந்து போனவள், நின்று, திரும்பாமலேயே கிசுகிசுத்தாள். "கேக்காத மாதிரி இருக்கறதும் பழகிடும். எனக்குப் பழகிடுச்சு. அவ என்னைத்தான் கூப்பிடறா. நான் போயிருந்தா எங்க ரெண்டு பேரையும் சேத்துப் பாத்திருப்பாங்க, யோசிச்சிருப்பாங்க." ஒரு படி ஏறினாள். "அவளுக்குத் தெரியும், நான் யாருன்னு. கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

பதில் சொல்வதற்குள் மேலே போய்விட்டாள்.

அதற்கடுத்த வாரம், ஒரு மத்தியானம். டீச்சர் வீட்டு ஜன்னல் திரைகளுக்கு மடிப்புத் தைக்க வேண்டும் என்று டீச்சரும் மருந்துக்கடைக்காரியும் துணியோடு வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். செக்ரட்டரியம்மா வரவில்லை. செக்ரட்டரி வெளியூர் போயிருந்தார். அவளுக்குத் தலைவலி என்று சொன்னார்கள்.

டொக்.

தையல்காரி பழகிய முகத்தை மாட்டிக்கொண்டு திரைத்துணியை அளந்தாள்.

டொக் டொக் டொக்.

இன்று நிதானம் இல்லை. தாறுமாறாக, ஓய்வே இல்லாமல், அடித்துக்கொண்டிருந்தது. அதுவும் இங்கிருந்து இல்லை. மேலேயிருந்து குழாய் வழியாக இறங்கி வந்தது. செக்ரட்டரியம்மா வீட்டிலிருந்து.

நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்போது ஒன்றைக் கவனித்தாள்.

மருந்துக்கடைக்காரி பேச்சை நிறுத்தியிருந்தாள்.

புருஷனுடைய தம்பி கல்யாணத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள், வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டாள். தூங்கும்போதுகூட நிற்காத வாய் அது. டீச்சர் கையில் ஊசி. குத்த வேண்டிய துணியை விட்டுவிட்டுத் தன் விரலிலேயே குத்தியிருந்தார். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி பரவிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

அவர்களுக்கும் கேட்கிறது.

டொக் டொக் டொக் டொக்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேலே நிஜமாகவே யாரோ தட்டுகிறார்கள். உயிருள்ள கை தட்டுகிறது. இரண்டு பெண்களும் அதைக் கேட்டுக்கொண்டு, ஐயோ நமக்குக் கேட்கிறதே, நம்மை யாராவது அந்த ஆள் என்று நினைத்துவிடுவார்களே என்று, ஒருத்தி முகத்தை ஒருத்தி திருட்டுத்தனமாகப் பார்த்தபடி, சிலையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே எந்த வீட்டிலும் கதவு திறக்கும் சத்தம் இல்லை. கட்டடம் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது.

தட்டல் தளர ஆரம்பித்தது.

எழுந்தால் வீடு போகும். இன்றைக்கோ நாளைக்கோ வலி எடுக்கப் போகிற உடம்பு. பழையபடி அந்தக் காகிதக் கட்டுகளின் அறை. அதுவும் இனிமேல் கிடைக்காது.

டொக்...

நீண்ட இடைவெளி.

டொக்...

தையல்காரி தரையில் கையூன்றி எழுந்தாள். "மேல போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"என்ன சத்தம்?" என்றார் டீச்சர். "ஒண்ணும் கேக்கலயே."

"சத்தம்னு நான் சொல்லவே இல்லயே டீச்சர்."

யாரும் அசையவில்லை. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக மேலே ஏறினாள். செக்ரட்டரி வீட்டுக் கதவைத் தள்ளினாள். தாழ் போட்டிருக்கவில்லை.

குளியலறையில் செக்ரட்டரியம்மா குப்புற விழுந்து கிடந்தாள். ஒரு கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. இன்னொன்று மணிக்கட்டில் கோணலாகத் திரும்பி, ஊதிக் கறுத்திருந்தது. குழாய் எதிர்ச் சுவரில், அவளுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அதனடியில் ஒரு எவர்சில்வர் குவளை தரையில் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. உருண்டு, சுவரில் முட்டி, நின்றது.

மருந்து சோப்பு வாசனை மூக்கை அடைத்தது.

"அம்மா! அம்மா, நான்தான். இதோ ஆளைக் கூப்பிடறேன். நீங்க தட்டினது கேட்டுது."

செக்ரட்டரியம்மாவின் உதடு அசைந்தது. தையல்காரி காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"நான் தட்டலம்மா. என்னால அசையவே முடியல." கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தரை ஈரத்தோடு கலந்தது. "அவ தட்டினா. இவ்வளவு நேரமும் எனக்காக அவதான் தட்டிக்கிட்டே இருந்தா."

ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போகும்போது படிக்கட்டு நிறைய ஜனம். ஐயையோ, எங்களுக்குத் தெரியவே தெரியாதே என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். தையல்காரியை யாரும் நேராகப் பார்க்கவில்லை. அவள் நடந்த பக்கம் வழி மட்டும் தாராளமாக விலகியது.

இரண்டு நாள் கழித்து டீச்சர் வந்தார். மத்தியானம். கட்டடம் முழுக்க மின்சாரம் இல்லை. டீச்சர் உட்காரவில்லை, டீ வேண்டாம் என்றுவிட்டார்.

"கமிட்டில பேசினோம்" என்றார். "நாங்க அத்தனை பேர் இருந்தோம், ஒருத்தருக்கும் ஒரு சத்தமும் கேக்கல. உனக்கு மட்டும் கேட்டுது. அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்கே தெரியும். இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு."

தையல்காரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கெஞ்சலாமா, பொய் சொல்லலாமா என்று மனசு அங்குமிங்கும் ஓடியது.

டொக்.

குளியலறையிலிருந்து வந்தது. டொக்... டொக். இதுவரை இல்லாத பலத்தோடு, வீடே அதிர. வயிற்றுக்குள்ளிருந்து பதில் உதை வந்தது. அவளுக்குள் ஏதோ ஒன்று பயப்படுவதை நிறுத்தியது.

"எனக்கு எப்ப வேணும்னாலும் வலி எடுக்கலாம் டீச்சர்" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?"

"பிள்ளை பொறக்கற வரைக்குமாவது விடுங்க." இன்னும் தாழ்த்தினாள்.

டொக் டொக் டொக்.

"என்ன?" என்றார் டீச்சர். ஒரு அடி முன்னால் வந்தார்.

அவள் உதட்டை மட்டும் அசைப்பது போல ஏதோ சொன்னாள்.

"சத்தமாச் சொல்லும்மா! காதுல விழலன்னு சொல்றேன்ல!" டீச்சர் கத்தினார்.

தையல்காரி தன் சாதாரணக் குரலுக்குத் திரும்பினாள். "ஏன் டீச்சர் விழல? கரன்ட் இல்ல. ஃபேன் ஓடல. வீடே அமைதியாத்தானே இருக்கு?"

டீச்சரின் வாய் திறந்தபடி நின்றது.

டொக்.

இமைகள் துடித்தன.

டொக்.

மறுபடி துடித்தன.

"எப்பலேர்ந்து டீச்சர் கேக்குது?"

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ, கிசுகிசுப்புதான் வந்தது. "அவ உயிரோட இருந்து தட்டினப்பவே கேட்டுது. எல்லாருக்கும் கேட்டுது." கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல், மறுபடியும் போட்டுக்கொண்டார். "அதுக்கப்புறம் நிக்கவே இல்லம்மா. மத்தவங்களுக்கு நின்னுடுச்சு போலன்னு நினைச்சு, நான் மட்டும் வாயைத் திறக்கல."

வாசல் வரைக்கும் போய் நின்றார். "நீ இங்கயே இருந்துக்கோ. கமிட்டில நான் சொல்லிக்கறேன்." எதிர் வீட்டுக்குள் போனார். மேல் தாழ், நடுத் தாழ், கீழ்த் தாழ் என்று ஒவ்வொன்றாகப் போடும் சத்தம் கேட்டது.

அத்தோடு தட்டலும் நின்றது.

வந்த நாளிலிருந்து தையல்காரி இப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. வீடு தங்கிவிட்டது என்ற நிம்மதியில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுதாள். நர்ஸுக்காகவும் அழுதாள். முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

டொக்.

குழாயில் இல்லை.

படிக்கட்டுப் பக்கம். மரத்தின் மேல். நான்காம் மாடியில் யாருடைய கதவையோ யாரோ விரல் முட்டியால் தட்டினார்கள்.

டொக் டொக்.

திறக்கவில்லை. ஈரக் கால் நடக்கும் சத்தம், அடுத்த கதவு. பிறகு மூன்றாம் மாடி. அங்கே ஒரு ஆண்பிள்ளைக் குரல் திடீரென்று பழைய செய்தித்தாளை உரக்க வாசிக்க ஆரம்பித்தது. தொலைக்காட்சியை வைத்து மறைக்க மின்சாரம் இல்லையே. பக்கத்து வீட்டில் ஒருத்தி, வீட்டில் இல்லாத மகனைக் கூவிக் கூவித் திட்டினாள். எங்கோ பாத்திரங்களை வேண்டுமென்றே போட்டு உருட்டினார்கள். தட்டல் எந்த மாடிக்கு வந்ததோ அந்த மாடி பேசியது, பாடியது, இருமியது. ஒரு கதவும் திறக்கவில்லை.

எதிர் வீட்டில் டீச்சர் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தார்.

தையல்காரி தன் கதவைப் பார்த்தபடி காத்திருந்தாள். இவளுடைய கதவைத் தட்டாமல் ஈரக் கால் கீழே இறங்கிப் போனது.

டொக் டொக்.

முதல் மாடி. மருந்துக்கடைக்காரி உச்சக் குரலில், யாரோடோ பேசுவது போல, தனியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவே நாற்காலி ஒன்று தரையில் தேய்த்து இழுபடும் சத்தம் வந்தது. பிறகு தாழ்ப்பாள் ஒன்று மெதுவாக, அதைப் பழகாத கையால், விலகியது.

சிரிப்பு அறுந்தது. கட்டடம் முழுக்கப் பேச்சு நின்றது. அந்தச் சின்னப் பெண்ணின் குரல் மட்டும் தெளிவாக மேலே ஏறி வந்தது.

"அம்மா, ஒரு ஆன்ட்டி வந்திருக்காங்க. முழுசா நனைஞ்சு நிக்கறாங்க. உள்ள வரச் சொல்லட்டா?"